அஞ்சு மீன் உள்ள இருக்கு, ஆறாவது மாட்டிருச்சு: பாஸ் டோர்னமெண்ட்ல கல்லிங் சட்டப்படி எங்க நிக்குது

நீங்க கேட்டத நான் புரிஞ்சுகிட்ட மாதிரி ஒரு தடவ திருப்பி சொல்லிடறேன். கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்து ஸ்கார்பரோல இருக்கீங்க, கையில கன்சர்வேஷன் லைசென்ஸ் (லிமிட் கொறைச்சலா உள்ள மீன்பிடி லைசென்ஸ்) இருக்கு, கூட வேலை பாக்கற ஒருத்தர் அவரு கிளப் நடத்தற, பாஸ்ங்கற நன்னீர் மீன் புடிக்கற டோர்னமெண்டுக்கு டீம் பார்ட்னரா வரச் சொல்றாரு. ஒன்டாரியோ சட்டத்துல பாஸ் ஆளுக்கு 6, டோர்னமெண்ட் ரூல்ல 5. ஆனா வீடியோல பாத்தா அஞ்சு மீன் லைவ்வெல்ல, அதாவது மீன உயிரோட வச்சிருக்கற படகுத் தொட்டில, போட்டப்புறமும் விடாம வீசறாங்க, பெருசு ஒன்னு மாட்டுனா உள்ள இருக்கற சின்னத எடுத்து தண்ணில விட்டுட்டு பெருச உள்ள போட்டுக்கறாங்க, சாயங்காலம் வரைக்கும் இதே கதைதான், இப்படி மாத்தறதுக்குப் பேருதான் கல்லிங். அப்ப ஒரு ஆள் நாள் முழுக்க 15, 20 மீன் எடுத்து வச்ச கணக்கு ஆகாதா, மீன்வள ஆபீசர் வந்தா மாட்ட மாட்டாங்களான்னு கேக்கறீங்க. இதுக்குள்ள இருக்கற நெஜமான கேள்வி என்னன்னா, ஒரு மீன் எந்த நிமிஷத்துல சட்டத்தோட கண்ணுல 'உங்க மீன்' ஆகுது, ஆனப்புறம் அத தண்ணில விட்டா கணக்குல இருந்து கழியுமா கழியாதா. இதுக்கு ஒவ்வொரு ஊர் சட்டமும் ஒவ்வொரு பதில் வச்சிருக்கு, அதனாலதான் தேடிப் பாத்தா ஒருத்தர் தாராளமா பண்ணலாம்ங்கறாரு இன்னொருத்தர் ஃபைன் கட்டுவீங்கன்னு மெரட்டறாரு, ரெண்டு பேருமே அவங்கவங்க ஊரப் பொறுத்தவரைக்கும் சரியாத்தான் சொல்றாங்க.

என்னப் பத்தி ஒரு வரி. மீன்வளம் படிச்சவன், வெயிட்-இன், அதாவது மீன எடை போடற மேடைக்குப் பின்னால தொட்டில மீன ரிவைவ் பண்ற வேலையும் ரிலீஸ் போட்ல போய் மீன விட்டுட்டு வர்ற வேலையும் வருஷக்கணக்கா பாத்தவன். வக்கீல் கெடையாது. ரெகுலேஷன் வருஷா வருஷம் மாறும், அதனால நான் சொல்றத வச்சு புரிஞ்சுக்கங்க, ஆனா படகுல ஏர்றதுக்கு முன்னாடி அந்த வருஷத்து ஒன்டாரியோ ஃபிஷிங் ரெகுலேஷன் சம்மரில உங்க ஜோன் (மீன்பிடி மண்டலம்) பக்கத்த நீங்களே படிச்சுடுங்க.

முதல்ல மூணு லிமிட்ட தனித்தனியா பிரிச்சு வச்சுக்கணும், முக்காவாசி சண்டை இத கலக்கறதாலதான் வருது. ஒன்னு டெய்லி லிமிட், ஒரு நாள்ல நீங்க புடிச்சு வச்சுக்கக்கூடிய மொத்த எண்ணிக்கை. ரெண்டாவது பொசெஷன் லிமிட், எந்த நேரத்துல எடுத்துப் பாத்தாலும் உங்க வசம் இருக்கக்கூடிய எண்ணிக்கை, படகுல இருக்கறது, கார் டிக்கில இருக்கறது, வீட்டு ஃப்ரீசர்ல இருக்கறது எல்லாம் சேத்து. மூணாவது டோர்னமெண்ட் லிமிட், அது சட்டமே கெடையாது, போட்டி நடத்தறவங்க எடைக்கு கொண்டு வரச் சொல்ற எண்ணிக்கை. மொத ரெண்ட மீறுனா ஆபீசர் வருவாரு, மூணாவத மீறுனா டோர்னமெண்ட் டைரக்டர் வருவாரு. கல்லிங்ங்கறது இந்த மூணுக்கும் நடுவுல இருக்கற சந்துல ஓடற வண்டி, சில ஊர்ல சந்து அகலம், சில ஊர்ல சுத்தமா அடைச்சு வச்சிருக்கான்.

ஒன்டாரியோல பொதுவான சட்டம் உங்க சந்தேகத்துக்கு சாதகமாத்தான் இருக்கு. டெய்லி லிமிட்ல என்னென்ன சேரும்னு சொல்றப்ப, புடிச்ச உடனே விடாத மீனும் சேரும், தின்ன மீனும் சேரும், இன்னொருத்தருக்கு கொடுத்த மீனும் சேரும்னு எழுதியிருக்கான். அந்த ஒரு வரிய மட்டும் வச்சுப் பாத்தா லைவ்வெல்ல போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வெளிய விட்ட மீனும் உங்க கணக்குலதான், ஏழாவது மீன் உள்ள போன நிமிஷமே நீங்க குத்தவாளி. ஆனா அதுக்கு ஒரு விதிவிலக்கு தனியா கொடுத்திருக்கான், அதுல தொங்கிட்டுதான் மொத்த டோர்னமெண்ட் உலகமும் இங்க நடக்குது. படகுல இருந்து புடிக்கறவங்க பாஸ், வாலாய், பைக் இந்த மீன்கள மட்டும் டெய்லி லிமிட்டுக்கு மேலயும் புடிச்சு, லைவ்வெல்ல வச்சிருந்து, வேணாங்கறத அப்புறமா உயிரோட விடலாம். கண்டிஷன் என்னன்னா லைவ்வெல்ல தண்ணிக்கு காத்து ஏத்தற மெஷின் ஏரேட்டர் நிக்காம ஓடிட்டே இருக்கணும், எந்த நேரத்துலயும் உள்ள இருக்கற எண்ணிக்கை லிமிட்ட தாண்டக்கூடாது, முழு லிமிட் உள்ள ஸ்போர்ட் லைசென்ஸ்க்கு பாஸ்னா அதோட ரெண்டு வகையான லார்ஜ்மவுத்தும் ஸ்மால்மவுத்தும் சேத்து 6, அப்புறம் விடற மீன் பொழைக்கற நெலைல இருக்கணும். இது சந்தேகத்துக்கு எடமில்லாத விஷயம். ஆக 20 மீன் எடுத்து வச்ச மாதிரி ஆகாதாங்கற கேள்விக்கு பதில்: பாஸுக்கு, படகுல, ஓடற ஏரேட்டரோட இருக்கற லைவ்வெல்ல, ஒரே நேரத்துல ஆறுக்கு மேல போகாத வரைக்கும் ஆகாது. கரையில நின்னு ஸ்ட்ரிங்கர்ங்கற கயித்துல கோத்து தண்ணில தொங்க விட்டுட்டு பெருசு வந்ததும் சின்னத அவுத்து விடறது இதுல வராது, அது அப்பட்டமா மீறல். அதே படகுல பெர்ச் புடிச்சு மாத்தி மாத்தி வைக்கறதும் அப்படித்தான், அந்த சலுகை பெர்ச்சுக்கு இல்ல, உள்ள போட்டா அது உங்களோடது.

இப்ப 5க்கும் 6க்கும் நடுவுல இருக்கற அந்த ஒரு மீன் வித்தியாசத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப ருசியான எடம். ரம்மில 13 கார்டு கையில வச்சிருப்பீங்க, ஒன்ன எடுத்தா 14 ஆகும், ஆனா ஒன்ன கீழ போட்டாத்தான் ஆட்டம் அடுத்த ஆளுக்குப் போகும். கல்லிங் அச்சு அசல் இதேதான், ஆறாவது மீன் படகுக்குள்ள வந்துட்டா அடுத்த வீச்சுக்கு முன்னாடி ஒன்னு வெளிய போயே ஆகணும். பாஸ் போட்டி நடத்தற பி.ஏ.எஸ்.எஸ்.ங்கற அமெரிக்க அமைப்பு மாதிரி பெரிய சர்க்யூட்ல (போட்டித் தொடர்ல) இருந்து ஊர் கிளப் வரைக்கும் லிமிட்டுக்கு மேல கைவசம் வச்சுட்டு தொடர்ந்து மீன் புடிக்க விடவே மாட்டாங்க. சட்டத்துல 6 இருக்கற ஊர்ல அந்த நடுக்கட்ட நிமிஷம், அதாவது அஞ்சு உள்ள, ஆறாவது கையில, எது சின்னதுன்னு தராசுல தொங்கவிட்டு பாத்துட்டு இருக்கற நிமிஷம், சட்டப்படி பிரச்சினையே இல்ல, ஸ்போர்ட் லைசென்ஸ் இருந்தா ஆறு வச்சுக்க உரிமை இருக்கு. அதே அலபாமா, ஜார்ஜியா பக்கம் போனா டெய்லி லிமிட்டே 10, அங்க அஞ்சு மீன் டோர்னமெண்ட்ல இந்த யோசனையே யாருக்கும் வராது. ஆனா நியூயார்க், டெக்சாஸ், ஃப்ளோரிடா மாதிரி சட்ட லிமிட்டே 5 இருக்கற எடத்துல அந்த நிமிஷம் கொஞ்சம் இழுபறி. கையில புடிச்சிருக்கற மீன் 'புடிச்சு வச்சுகிட்ட' மீனா, இல்ல இன்னும் விடப்போற மீனான்னு ரெண்டு பக்கமும் வாதாடலாம். அனுபவசாலிங்க அங்க பண்றது ஒன்னே ஒன்னுதான், ஆறாவது மீன லைவ்வெல்லுக்குள்ள எறக்கவே மாட்டாங்க, வெளிய வச்சே எடை பாத்து முடிவெடுத்து, விட வேண்டியத உடனே விட்டுட்டு அப்புறம்தான் ராட கையில எடுப்பாங்க. செயின்ட் லாரன்ஸ் ஆறு மாதிரி ஒரு கரை ஒன்டாரியோ மறுகரை நியூயார்க்னு இருக்கற தண்ணில இது இன்னும் கூத்து, எந்தப் பக்கத்து தண்ணில நிக்கறீங்களோ அந்தப் பக்கத்து லைசென்ஸும் அந்தப் பக்கத்து லிமிட்டும், கோடு தண்ணிக்கு மேல தெரியாது, ஜிபிஎஸ்லதான் தெரியும்.

யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம் ஃப்ரீசர். ஒன்டாரியோல பொசெஷன் லிமிட்ங்கறது பொதுவா ஒரு நாள் லிமிட்டேதான், வேற மாதிரி போட்டிருந்தா ஒழிய. அத கணக்கு பண்றப்ப வீட்டு ஃப்ரீசர்ல இருக்கறதும் சேரும். போன ஞாயித்துக்கெழம புடிச்ச ரெண்டு பாஸ் ஸ்கார்பரோல ஐஸ் பெட்டில தூங்கிட்டு இருந்தா, ஸ்போர்ட் லைசென்ஸே வச்சிருந்தாலும் சனிக்கெழம டோர்னமெண்ட்ல உங்க பேர்ல லைவ்வெல்ல நாலுதான் இருக்கலாம், அஞ்சாவது உள்ள போனா டோர்னமெண்ட் ரூல்படி சுத்தமா இருப்பீங்க, சட்டப்படி ஒன்னு அதிகமா இருப்பீங்க. ஏரில செக் பண்ற ஆபீசர் உங்க வீட்டு ஃப்ரீசரத் தொறந்து பாக்கப் போறதில்லதான், ஆனா நீங்க சட்டம் என்னன்னு கேட்டீங்க, மாட்டுவோமா மாட்ட மாட்டோமான்னு கேக்கல.

இதே கணக்கு மின்னசோட்டா போனா இன்னும் கடுமையாகுது. அங்க பாஸ் லிமிட் 6, கல்லிங் பண்ணலாம், அவங்க லைவ்வெல் சார்ட்டிங்னும் சொல்வாங்க, ஆனா டெய்லி லிமிட்டயோ பொசெஷன் லிமிட்டயோ தொட்டுட்டீங்கன்னா அதோட கதவு மூடிரும், அதுக்கப்புறம் எதையும் மாத்தக்கூடாது. கவனிங்க, தாண்டினா இல்ல, தொட்டாலே. ஆறு மீன் டோர்னமெண்ட் அங்க வச்சா ஆறாவது உள்ள போனதும் எல்லாரும் கைய கட்டிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். அஞ்சு மீன் போட்டின்னா ஆறத் தொடாமலே நாள் முழுக்க மாத்திட்டே இருக்கலாம். ஏன் அஞ்சு, ஏன் முழு லிமிட்டையும் எடைக்கு கொண்டு வர விடல அப்படின்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க, அந்த மாதிரி ஊர்ல அந்த ஒரு மீன் கொறைச்சல்லதான் மொத்த ஆட்டமும் நிக்குது.

கல்லிங்கே கூடாதுன்னு ஒரு போட்டி வச்சா ஆட்டம் எப்படி மாறும்னு யோசிச்சுப் பாத்திருக்கீங்களா? மூளைக்கு வேலை எங்க ஜாஸ்தின்னு கேட்டா நான் இதத்தான் சொல்வேன். கல்லிங் இருந்தா எல்லாருக்கும் ஒரே திட்டம்தான், காலைல எது கெடச்சாலும் சரின்னு அஞ்ச நெறைச்சிடு, அப்புறம் பெருசு தேடி அலை. பன்னெண்டு இன்ச் மீனா இருந்தாலும் உள்ள போடு, நஷ்டமே இல்ல, மத்தியானம் விட்டுறலாம். கல்லிங் இல்லன்னு வைங்க, லிமிட் அஞ்சு, பத்து மணிக்கு உங்ககிட்ட ரெண்டு ரெண்டு பவுண்டுல நாலு மீன் இருக்கு, இப்ப ஒன்னேமுக்கா பவுண்டு மீன் ஒன்னு மாட்டுது. உள்ள போட்டா 9 பவுண்டு 12 அவுன்ஸோட உங்க நாள் முடிஞ்சுது, அப்புறம் நாலு பவுண்டு மீன் படகுல வந்து குதிச்சாலும் கும்பிட்டு விட்டுட வேண்டியதுதான். விட்டுட்டா மூணு மணிக்கு நாலு மீனோடயே கரைக்கு வந்து 8 பவுண்டோட நிக்கலாம். காத்து திரும்புதா, தண்ணி தெளியுதா, அந்த எடத்துல பெருசு இருக்கா, இன்னும் எத்தன மணி நேரம் இருக்கு, பக்கத்து படகுக்காரன் என்ன வச்சிருப்பான், எல்லாத்தையும் அந்த பத்து செகண்டுல நெனைக்கணும், ஏன்னா மீன் கையில துடிச்சுட்டு இருக்கு, உடனே விட்டாத்தான் கணக்குல வராது. இதுல ஒரு பக்கத்து நன்மையும் இருக்கு, சின்ன மீன யாரும் தேவையில்லாம தொட்டிக்குள்ள அடைச்சு வைக்க மாட்டாங்க.

எண்ணிக்கை லிமிட்டோட அளவு லிமிட்டும் சேந்துட்டா வேற மாதிரி சிக்கல். ஃப்ளோரிடால 2016ல இருந்து அஞ்சு பாஸ்ல ஒன்னே ஒன்னுதான் 16 இன்ச்சோ அதுக்கு மேலயோ இருக்கலாம். அத அப்படியே வச்சு டோர்னமெண்ட் நடத்தினா ஒரு பெரிய மீனும் நாலு பொடிசும்தான் மேடைக்கு வரும், உலகத்துலயே பெரிய பாஸ் இருக்கற ஊர்கள்ல ஒன்னுல இப்படி ஒரு வெயிட்-இன்ன யாரு காசு கொடுத்து பாப்பாங்க. அதனால அங்க மீன்வளத் துறையே டோர்னமெண்ட் பர்மிட் கொடுக்கறாங்க, அது இருந்தா எந்த அளவுலயும் அஞ்சு மீன தற்காலிகமா வச்சுக்கலாம், எடை போட்டதும் விட்டுறணும். எண்ணிக்கையில சலுகை இல்ல, அளவுலதான். டெக்சாஸ் லேக் ஃபோர்க்ல இதவிட வேடிக்கை, 16ல இருந்து 24 இன்ச் வரைக்கும் இருக்கற பாஸ் அத்தனையும் அங்கேயே விடணும், 24க்கு மேல நாளைக்கு ஒன்னுதான் வச்சுக்கலாம், ஆக ஜெயிக்க வைக்கற மீன் எல்லாமே தொடக்கூடாத மீன். 2019ல பி.ஏ.எஸ்.எஸ்.ஓட பாஸ்மாஸ்டர் எலைட் போட்டி அங்க நடந்தப்ப அந்தத் தடை அளவுல (ஸ்லாட்ல) இருக்கற மீன படகுலயே மார்ஷல்ங்கற போட்டி கண்காணிப்பாளர் முன்னாடி எடை போட்டு அங்கேயே விட்டாங்க, கல்லிங் பேப்பர்ல மட்டும்தான், சின்ன நம்பர அடிச்சுட்டு பெரிய நம்பர் எழுதறது. பிராண்டன் காப் அதுல நாலு நாள்ல 114 பவுண்டு போட்டு ஜெயிச்சாரு. மேஜர் லீக் ஃபிஷிங்ங்கற இன்னொரு போட்டி அமைப்பு இந்த முறைய அதோட அடிப்படையாவே வச்சுகிச்சு, 2019ல ஆரம்பிச்ச பாஸ் ப்ரோ டூர்ல புடி, போட்டி நடத்தறவங்களோட ஆபீசர் முன்னாடி எடை போடு, விடு, லைவ்வெல்லே கெடையாது. கைவசம் வச்சுக்கவே இல்லன்னா பொசெஷன் லிமிட் எங்க இருந்து வரும்? என்னைக் கேட்டா இந்த மொத்த தலைவலிக்கும் நேரான தீர்வு இதுதான், ஆனா அதுக்கு ஒவ்வொரு படகுலயும் ஒரு ஆபீசர் உக்காரணும், ஞாயித்துக்கெழம கிளப்புக்கு அவ்வளவு ஆளுக்கு எங்க போவாங்க.

நேர் எதிரா ஒரு ஊரும் இருக்கு, ஜப்பான்ல பிவா ஏரி. 2009ல மனாபு குரிட்டா 22 பவுண்டு 4.97 அவுன்ஸ் லார்ஜ்மவுத் புடிச்சு 1932ல ஜார்ஜியால ஜார்ஜ் பெர்ரி வச்ச சாதனைய சமன் பண்ணின ஏரி. அங்க 2003ல இருந்து புடிச்ச பாஸ திருப்பி விடறதே தடை, அந்நிய மீன்ங்கறதால. இங்க விடாம வச்சுகிட்டா தப்பு, அங்க விட்டா தப்பு.

கொஞ்சம் பின்னாடி போனா ஏன் கல்லிங் இவ்வளவு பெரிய விஷயமாச்சுன்னு தெரியும். 1967ல ரே ஸ்காட்னு ஒரு இன்ஷூரன்ஸ் விக்கறவரு ஆர்கன்சாஸ் பீவர் லேக்ல 106 பேர ஆளுக்கு 100 டாலர் கட்ட வச்சு ஒரு டோர்னமெண்ட் நடத்துனாரு, அங்கிருந்துதான் இதெல்லாம் கெளம்புச்சு. ஆரம்ப காலத்துல நாளைக்கு 15 மீன், அப்புறம் 10, 7ன்னு கொறைஞ்சு இப்ப 5. 1972ல புடிச்சத கொல்லாதீங்கன்னு அவரே பிரச்சாரம் ஆரம்பிச்சு உயிரோட எடைக்கு கொண்டு வர்ற பழக்கத்த கொண்டு வந்தாரு. 15 மீன் லிமிட் இருந்தப்ப அத நெறைக்கறதே பெரும்பாடு, மாத்தறதுக்கு எங்க நேரம். லிமிட் 5க்கு வந்ததும் நல்ல ஆளு காலைல எட்டு மணிக்கே நெறைச்சுடுவான், மிச்ச நாள் பூரா கல்லிங்தான். மீன காப்பாத்தறதுக்குன்னு கொறைச்ச லிமிட், லைவ்வெல் வழியா போயிட்டு வர்ற மீனோட எண்ணிக்கைய ஏத்தி விட்டுருச்சுங்கறது என் கருத்து, இத கிளப் ஆளுங்ககிட்ட சொன்னா சண்டைக்கு வருவாங்க. பெரிய எடைகளப் பாத்தா கல்லிங்கோட பலம் தெரியும். 2001ல டீன் ரோஜாஸ் ஃப்ளோரிடா லேக் டோஹோல ஒரே நாள்ல அஞ்சு மீன்ல 45 பவுண்டு 2 அவுன்ஸ், 2008ல பால் இலையாஸ் டெக்சாஸ் ஃபால்கன் லேக்ல நாலு நாள்ல இருபது மீன் 132 பவுண்டு 8 அவுன்ஸ், சராசரி ஒரு மீன் ஆறரை பவுண்டுக்கும் மேல. புடிச்ச மொத இருபத கொண்டு வந்து யாரும் இந்த எடைய போட முடியாது.

செத்த மீன் விஷயத்த தனியா சொல்லணும், புதுசா வர்றவங்க மாட்டறது இதுலதான். லைவ்வெல்ல ஒரு மீன் செத்துட்டா அத வெளிய தூக்கிப் போட்டு இன்னொன்ன வைக்கலாமான்னு மனசு சொல்லும், வேணாம். ஒன்டாரியோ சலுகையே உயிரோட விடறதுக்குத்தான், செத்தது உங்க கணக்குலயே கடைசி வரைக்கும் நிக்கும், திங்கற மீன வீணாக்கறதும் தனி குத்தம். டோர்னமெண்ட் ரூல்லயும் பெரும்பாலும் செத்த மீன கல்லிங் பண்ணக்கூடாது, அதுதான் உங்க ஒரு எடம், சின்னதா இருந்தாலும் எடைக்கு கொண்டு போகணும், மேல பெனால்ட்டி வேற, பி.ஏ.எஸ்.எஸ்.ல செத்த மீன் ஒன்னுக்கு 4 அவுன்ஸ். நாலு அவுன்ஸ்ல பரிசு கைவிட்டுப் போறத வெயிட்-இன் மேடைல நெறைய பாத்தாச்சு. அதனால கல்லிங் பண்றப்ப சின்ன மீன விடறது மட்டும் கணக்கில்ல, சோர்ந்து சாயற மீன் எதுன்னும் பாத்துக்கணும், அது இன்னும் நல்லா நீந்தற நேரத்துலயே முடிவெடுத்துடணும். சாகப் போறத அவசரமா வெளிய தள்ளிவிடறத நான் கல்லிங்னு சொல்ல மாட்டேன், ஆபீசரும் சொல்ல மாட்டாரு.

மீனுக்கு என்ன ஆகுதுங்கறதுல எது நிச்சயம் எது வாதத்துல இருக்குன்னு பிரிச்சு சொல்றேன். தண்ணி சூடு ஏற ஏற சாவு ஏறும்ங்கறது நிச்சயம், சூடான தண்ணில கரையற ஆக்சிஜன் கம்மி, மீனோட தேவை ஜாஸ்தி, அஞ்சு பெரிய மீன் அடைச்ச தொட்டில ஏரேட்டர் அரை மணி நேரம் நின்னாலே வெள்ளை வயிறு மேல தெரியும். விடறப்ப துள்ளிட்டுப் போன மீனும் ரெண்டு மூணு நாள் கழிச்சு சாகலாம்ங்கறதும் நிச்சயம், தொட்டியவிட்டு போனத வச்சு பொழைச்சுதுன்னு சொல்ல முடியாது. ஆழத்துல இருந்து வந்த ஸ்மால்மவுத்துக்கு காத்துப்பை உப்பிரும், உடனே விட்டா பல நேரம் தானா கீழ போயிரும், ரெண்டு மணி நேரம் மேல வச்சுட்டு அப்புறம் கல்லிங்னு விட்டா மெதக்கும், கடல்காக்கா வந்து பாத்துக்கும். அதனால முப்பது அடிக்கு கீழ புடிக்கற நாள்ல சந்தேகமான மீன உள்ளயே போடாதீங்கன்னு நான் சொல்லுவேன். கூடு காக்கற ஆண் மீன எடுத்துட்டா முட்டைய மத்த மீன் தின்னுடும்ங்கறதும் நிச்சயம், நம்ம கிங்ஸ்டன் பக்கத்து லேக் ஒபினிகன்ல இதப்பத்தி வருஷக்கணக்கா ஆராய்ச்சி நடந்திருக்கு, தெற்கு ஒன்டாரியோல பாஸ் சீசன வசந்தத்துல பெரும்பாலும் மூடி வைக்கறதுக்கு அதுதான் அடிப்படை. வாதத்துல இருக்கறது அடுத்த படி: இப்படி சாகற மீனால ஒரு ஏரியோட மொத்த பாஸ் கூட்டம் கொறையுதா? கொறைஞ்ச மீன் எண்ணிக்கைல மிச்சம் இருக்கறது வேகமா வளந்து ஈடு கட்டிருதுங்கறது ஒரு கட்சி, பெரிய மீனா பாத்து பொறுக்கறதால வேற விளைவு இருக்குங்கறது இன்னொரு கட்சி. கல்லிங் பண்ணி விட்ட மீனுக்கும் வெயிட்-இன் வரைக்கும் போன மீனுக்கும் எது மோசம்ங்கறதுலயும் ரெண்டு பேச்சு உண்டு. ரெண்டு தடவ கை படறது கல்லிங் மீனுக்கு கெடுதல், ஆனா புடிச்ச எடத்துக்குப் பக்கத்துலயே எறங்கறது நன்மை, மேடைக்குப் போன மீன் மைல் கணக்குல தள்ளி மெரினா வாசல்ல எறங்குது. என் சாய்வு கல்லிங் மீனுக்கு நெலம கொஞ்சம் பரவால்லங்கற பக்கம்தான், தண்ணி குளுமையா இருந்தா.

கருவி பெருசா ஒன்னும் வேணாம். கலர் கலரா அஞ்சு கல்லிங் டேக் இருக்கும், ஒவ்வொரு மீனுக்கும் ஒன்னு, வாய ஓட்ட போடாத கிளிப் மாதிரி வாங்குங்க, குத்தற மாதிரி பழைய டேக பெரிய சர்க்யூட்லயே தூக்கிட்டாங்க. ஒவ்வொன்னோட எடையும் கலரும் புடிச்ச உடனே எழுதி வச்சுட்டா ஆறாவது வந்தப்ப எல்லாத்தையும் வெளிய எடுத்து அளக்க வேண்டாம், சின்னது எந்த கலர்னு தெரியும், அத மட்டும் எடுத்து புதுசோட பேலன்ஸ் கம்பில தொங்க விட்டா எந்தப் பக்கம் தாழுதுன்னு ரெண்டு செகண்டுல முடிஞ்சுது. எழுதாம இருக்கறவங்கதான் அஞ்சையும் கலக்கி எடுத்து வெயில்ல போட்டு வதைப்பாங்க.

உங்க சொந்த கேஸுக்கு வர்றேன். கன்சர்வேஷன் லைசென்ஸ்ல தெற்கு ஒன்டாரியோ ஜோன்கள்ல பாஸ் 2தான், 6 இல்ல. டீம்ல ரெண்டு பேரும் சேந்து அஞ்சுதானே, பார்ட்னரோட ஆறும் என்னோட ரெண்டும் எட்டு வருதேன்னு தோணும், ஆனா யார் புடிச்சாங்களோ அவங்க கணக்குலதான் சட்டப்படி போகும், கொடுத்த மீனும் உங்க லிமிட்ல சேரும்னு மேல சொன்னேன்ல. நீங்க புடிச்சது ரெண்டு உள்ள இருக்கறப்ப மூணாவது நல்ல மீன் உங்க தூண்டில்ல வந்தா, பார்ட்னர் பேர்ல எழுதிக்கலாம்னு யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க. நீங்க புடிச்சதுல ஒன்ன மொதல்ல விடணும், அது ஒருவேள தொட்டிலயே ரெண்டாவது பெரிய மீனா இருந்தாலும். அந்தக் கடுப்பு வேணாம்னா போட்டிக்கு முன்னாடியே ஸ்போர்ட் லைசென்ஸ் எடுத்துடுங்க. கிளப் ரூல் பேப்பர வாங்கி மூணு விஷயம் மட்டும் பாத்துக்கங்க, கல்லிங் உண்டா, செத்த மீனுக்கு என்ன, எடை போட்டப்புறம் மீன யார் எங்க விடறாங்க, ஏன்னா உயிர் மீன வண்டில வச்சு ரோட்டு வழியா கொண்டு போறதுக்கு இங்க தனி லைசென்ஸ் வேணும், அது கிளப்போட பொறுப்பு, நீங்க பக்கெட்ல எடுத்துட்டுப் போய் உதவி பண்றேன்னு கெளம்பிடாதீங்க. ஃப்ரீசர்ல பாஸ் எதாவது கெடந்தா வெள்ளிக்கெழமைக்குள்ள கொழம்பு வச்சு முடிச்சுடுங்க.